கூட்டம் கூடாது

எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் "ஒரு நிமிஷம்" என்று சொன்னால் குற்றம். கெட்ட வார்த்தை சொல்லலாம், அதற்கு வாய்மொழி எச்சரிக்கையோடு சரி. "ஒரு நிமிஷம்" என்றால் மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் இருந்தது, என் தங்கை புருஷனுக்கு அது நடக்கிற வரைக்கும்.

நாங்கள் அளவைகளுக்கான தலைமை அலுவலகம். கடைத் தராசு, எடைக்கற்கள், துணிக்கடை மீட்டர் கோல் எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. ஒன்பது மாடி, நானூறு பேர், ஒரே ஒரு லிஃப்ட். நான் குறிப்பெழுத்தன். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவேன். அவர்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அதிகாரி பிறகு வந்து சொல்வார், அதையும் எழுதுவேன். அந்த ஒரே லிஃப்ட்டுக்கு ஒரே மெக்கானிக், என் தங்கை புருஷன். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எந்த இயந்திரத்திடமும் பொறுமையாகப் பேசுவார், மனிதர்களிடம்தான் வார்த்தை வராது. எதைச் சொல்ல வந்தாலும் முதலில் "ஒரு நிமிஷம் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். இருபது வருஷத்துப் பழக்கம், ஒரு சுற்றறிக்கைக்குப் பயந்து போய்விடுமா?

எல்லாம் ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், மின்சாரம் போன ஒரு நாளில். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே பதினொரு பேர், நாற்பது நிமிடம். இருட்டில் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், ஒரு மீட்டர் கோல் ஆறு வருஷமாகத் தம் பீரோவில் சும்மா கிடப்பதாகவும், அதற்குச் சான்றிதழ் வராததால் எதையும் அளக்க முடியவில்லை என்றும் அலுத்துக்கொண்டார். இருட்டுக்குள்ளிருந்து எட்டாவது மாடிக்காரர், "அட, அந்தச் சான்றிதழ் என் மேஜையிலதானே இருக்கு! கோல் எங்கே, கோல் எங்கேன்னு ஆறு வருஷமா கடிதம் போட்டுக்கிட்டிருக்கேனே!" என்றார். மாப்பிள்ளை மொட்டை மாடி இயந்திர அறைக்குப் போய், துணைக்கு ஒரு காவலாளியையும் வைத்துக்கொண்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை இறக்கிக் கதவைத் திறந்தபோது அந்த ஃபைல் முடிந்திருந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் இயக்குநர் பேய் அறைந்தவர் போல இருந்தார். அதிகாரிகளை அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நாப்பது நிமிஷத்துல ஒரு ஃபைல் முடியுதுன்னா, ஆறு வருஷமா நாம போட்ட நாப்பத்தேழு கூட்டத்துக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். "தலைவர் கிடையாது, பொருள் நிரல் கிடையாது, ஒரு டீ கூட கிடையாது. நாலு பேர் நின்னாங்க, பேசினாங்க, முடிச்சுட்டாங்க. இன்னைக்கு ஒரு கோல். நாளைக்கு ஒவ்வொண்ணா முடிய ஆரம்பிச்சா நம்மளையெல்லாம் எதுக்கு வச்சிருக்காங்கன்னு ஒருத்தன் கேக்க மாட்டானா?"

"கடைசிப் பகுதியை எழுத வேண்டாம்" என்று இயக்குநர் என்னிடம் சொன்னார். நான் அடித்துவிட்டேன்.

இப்படிப் பிறந்ததுதான் திட்டமிடாத கூட்ட மேலாண்மைப் பிரிவு. அதன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூணு நிமிஷம். காரணம், விதி இதுதான்: முன் அனுமதி வாங்காமல் இரண்டு பேரோ அதற்கு மேலோ மூன்று நிமிடத்தைத் தாண்டிப் பேசினால் அது திட்டமிடாத கூட்டம். ‘ஒரு நிமிஷம்’ என்பது அதற்கு அழைப்பு, ஆகவே அதுவும் குற்றம். மாடிக்கு இரண்டு நேரக் காப்பாளர்களை நியமித்தார்கள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். எங்காவது இரண்டு தலைகள் சேர்ந்தால் ‘டிக்’ என்று அழுத்துவார்கள். மூன்று நிமிடம் ஆனதும், "கூட்டம் கூடுது" என்று மெல்லச் சொல்வார்கள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஒவ்வொரு மாடியிலும் பலகை வைத்தார்கள்: ‘முன் அனுமதியின்றிக் கூட்டம் கூடாது.’ சட்டப் பிரிவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற தைரியத்தில், மூணு நிமிஷத்திடம் கேட்டார். "சார், இதுல கூட்டம்னா மேஜை போட்டு நடத்துறதா, இல்ல தெருவுல விபத்துன்னா கூடுதே, அதுவா?"

"கூட்டம்னா கூட்டம்தான். மேஜை போட்டா அந்தக் கூட்டம், போடலைன்னா இந்தக் கூட்டம்."

"சரி, கூடாதுன்னா, அது தன்னால கூடாதா, இல்ல நாங்க கூடக் கூடாதா?"

மூணு நிமிஷம் வாட்ச்சைப் பார்த்தார். "ரெண்டும்தான். உங்களுக்கு இன்னும் நாப்பது செகண்டு இருக்கு, வேற ஏதாவது கேக்கணுமா?"

பெரியவர் தம் அறைக்குத் திரும்பிப் போனார்.

ஏழாவது விதி என்னைப் பற்றியது. ‘குறிப்பெழுதுபவர் கூட்டத்தில் இருப்பவராகக் கருதப்பட மாட்டார்.’ எழுதுகிறவனையும் ஆளாக எண்ணினால் ஒரு அதிகாரி தனியாக உட்கார்ந்து யோசிப்பதுகூடக் கூட்டமாகிவிடுமாம். ஆகவே நான் கணக்கில் வரமாட்டேன். கூட்டத்தில் எட்டுப் பேருக்கு எட்டு டீ வரும், ஒன்பதாவதாக நான் உட்கார்ந்திருப்பேன். டீ கொடுக்கிற அக்கா மட்டும் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு அரை கிளாஸ் ஊற்றிவிட்டுப் போவாள். அவளும் கணக்கில் வரமாட்டாள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், எங்கள் பட்டியலில் பெயர் இல்லை. நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் பேசினாலும் எந்த வாட்ச்சும் ஓடாது. ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

லிஃப்ட்தான் கூட்டங்களின் தாய் என்று மூணு நிமிஷம் அறிக்கை எழுதினார். உள்ளே ஏறுகிறவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. லிஃப்ட் எக்காரணம் கொண்டும் நடுவில் நிற்கக் கூடாது என்று இன்னொன்று. லிஃப்ட்டின் மெயின் சுவிட்ச் பெட்டிச் சாவி இயக்குநரின் பீரோவுக்குப் போனது. இயந்திர அறைக்கு வேறு பூட்டு போட்டார்கள். வாரம் ஒரு முறை, நேரக் காப்பாளர் துணையோடு, மாப்பிள்ளை போய் எண்ணெய் விட்டு வரலாம். ஆனால் தினமும் காலையில் ‘லிஃப்ட் நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் அவர்தான்.

போன வருஷக் கடைசியில் ஒரு காலை. ஐந்தாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் மாப்பிள்ளை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, லிஃப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"ஒரு விரல் கீழ நிக்குது மச்சான்."

"ஒரு விரல்தானே?"

"நேத்து இல்லையே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் விவரமாகக் கேட்டேன். வீட்டில் வாட்ச் இல்லை, பேசலாம். "பிரேக் கட்டை தேஞ்சு போச்சு மச்சான். நிக்குது, ஆனா வழுக்கி நிக்குது. பாரம் கூடினா கதவு திறந்திருக்கும்போதே இறங்க ஆரம்பிச்சிடும். ஒரு காலை வெளிய வச்சு ஒரு காலை உள்ள வச்சிருக்கும்போது இறங்கிச்சுன்னா..." முடிக்காமல் தங்கையைப் பார்த்தார்.

"அப்படி மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

"மேல போய்க் கையால ஏத்தணும். ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பிரேக் நெம்புகோலை அழுத்திப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் சக்கரத்தைச் சுத்தணும். ஒரு ஆளால முடியவே முடியாது."

நான் ஒரு பெரிய மனிதன் போல அறிவுரை சொன்னேன். "எதுக்கு இப்படி அலட்டிக்கிறீங்க? கையெழுத்தைப் போட்டமா, வந்தமான்னு இருங்க."

அடுப்பங்கரையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அது ஒருத்தர் மேல விழுந்துச்சுன்னா, கீழ இருக்கிறது யார் கையெழுத்துண்ணா?"

நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை கட்டடப் பொறியாளரை நடைபாதையில் பிடித்தார். "ஒரு நிமிஷம் சார்" என்றார். ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. பொறியாளர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடினார். முதல் மெமோ.

இரண்டு விரல் ஆனது. மாப்பிள்ளை யோசித்து, யாரிடமும் பேசாமல் லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று ஒரு அட்டையை மாட்டினார். கால் மணி நேரத்தில் கீழ்த்தளத்தில் எள் விழ இடமில்லை. நின்றவர்கள் வரிசையானார்கள், வரிசை கும்பலானது, கும்பல் பேச ஆரம்பித்தது. மேல்தளக்காரர் ஒருவரும் கீழ்த்தளக்காரர் ஒருவரும் ஒரே தராசுக்கு இருவேறு எண்ணில் முத்திரை குத்தி வருவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூணு நிமிஷம் தாமே ஓடிவந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தார். தொண்ணூற்று மூன்று பேர் கொண்ட திட்டமிடாத கூட்டத்தைக் கூட்டியதாக மாப்பிள்ளைக்கு இரண்டாவது மெமோ. அதற்குப் பிறகு அவர் ஒழுங்காக முறைப்படி போனார். கூட்டம் கோரும் படிவம், நான்கு நகல். பொருள் என்ற இடத்தில் ‘பிரேக்’ என்று எழுதியதற்கு, அனுமதிக்கப்பட்ட பொருள்கள் பட்டியலில் அது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ‘இதர விவகாரங்கள்’ என்று மாற்றி எழுதினார். பதினான்கு வேலை நாள் கழித்துத் தேதி கிடைத்தது.

அந்தப் பதினான்கு நாளில் மூன்று விரலாகி, நான்காகவும் ஆனது. ஜனங்கள் பழகிவிட்டார்கள். லிஃப்ட் திறந்ததும் ஒரு படி இறங்குவது போலக் காலைத் தாழ்த்தி வைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்கள். ஆறாவது மாடி அம்மாள் ஒருத்தி தடுக்கி விழுந்தாள். கைதூக்கிவிட நான்கு பேர் குனிந்தார்கள். வாட்ச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார்கள். அவளே எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள்.

கூட்டம் நடந்தது. ஒன்பதாவது மாடி, எட்டு டீ. முதலில் போன கூட்டத்தின் குறிப்பு படிக்கப்பட்டது. பிறகு மூணு நிமிஷம் எழுந்து, இந்த மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு திட்டமிடாத கூட்டங்கள் பிடிபட்டதாகவும், போன மாதத்தைவிட இது அதிகம் என்றும் சொன்னார்.

"உங்க பிரிவு வந்த பிறகு கூடிக்கிட்டே போகுதே?" என்றார் பொறியாளர்.

"ஆமா சார். நாங்க இல்லைன்னா இவ்வளவு நடக்குதுன்னு தெரிஞ்சே இருக்காது."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ‘இதர விவகாரங்கள்’ வந்தபோது ஐந்து நிமிடம் மீதி இருந்தது. மாப்பிள்ளை எழுந்தார். "ஒரு நிமிஷம் சார்" என்றார். பழக்கதோஷம். சுவரோரம் நின்ற நேரக் காப்பாளரும் பழக்கதோஷத்தில் ஒரு ‘டிக்’. எல்லோரும் திடுக்கிட்டு, பிறகு இது அனுமதி பெற்ற கூட்டம் என்று நினைவு வந்து சமாதானமானார்கள்.

"லிஃப்ட் நாலு விரல் கீழ நிக்குது சார். பிரேக் போயிடுச்சு. யாராவது செத்துடுவாங்க சார்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, இது என்ன அலுவலகம்?"

"அளவை அலுவலகம் சார்."

"இங்க விரல்னு ஒரு அளவு இருக்கா? யார் விரல்? உங்க விரலா, என் விரலா? வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

"டேப் வச்சு அளந்தேன் சார். எட்டு சென்டிமீட்டர்."

"அந்த டேப்புக்கு நம்ம முத்திரை இருக்கா?"

மாப்பிள்ளை பையிலிருந்து டேப்பை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முத்திரை இல்லை. கடையில் வாங்கிய டேப்.

பொறியாளர் தொண்டையைச் செருமினார். அவருக்கு உள்ளூர ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "மாத்தணும்னா மாத்தலாம் சார். ஆனா லிஃப்ட்டை ரெண்டு நாள் நிறுத்தணும். நிறுத்தினா நானூறு பேரும் படியில ஏறுவாங்க. ஏறினா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா நிப்பாங்க." இங்கே குரல் தாழ்ந்தது. "நின்னா பேசுவாங்க சார்."

ஒன்பது மாடிப் படிக்கட்டு முழுக்க ஜனங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும் காட்சி எல்லோர் கண்ணிலும் தெரிந்தது. மூணு நிமிஷம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நேரம் முடிந்தது. எழுந்து போகும்போது இயக்குநர் என் பக்கம் குனிந்தார். "இதரவுல ஒண்ணுமில்லைன்னு போட்டுடுங்க. எழுதிட்டா அப்புறம் அடுத்த கூட்டத்துல அதைப் பத்திப் பேசித் தொலைக்கணும்."

எழுதினேன். ‘இதர விவகாரங்கள்: ஒன்றுமில்லை.’ என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

படிக்கட்டில் மாப்பிள்ளை காத்திருந்தார். "நான் சொன்னதை எழுதினீங்கல்ல மச்சான்?"

"வழக்கமா எழுதுறதை எழுதியிருக்கேன்" என்றேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சாண். காலை பதினொரு மணி இருக்கும். நான் ஐந்தாவது மாடியில் ஒரு கையொப்பத்துக்காக நின்றிருந்தேன், டீ அக்கா கெட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே எடைக்கிடங்குப் பெண், முத்திரைக்கு வந்த இரும்புக் கற்கள் நிறைந்த தள்ளுவண்டியோடு நின்றாள். அரை டன் இருக்கும். வண்டியின் முன்சக்கரத்தை அவள் மேலே தூக்கி வைக்கப் பார்த்தாள். நடைபாதைக் கோடியிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"வண்டியை விடு! வண்டியை விட்டுட்டு வெளிய வாம்மா!"

அவளுக்குப் புரியவில்லை. புரிவதற்குள் லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது. வேகமாக இல்லை. தூங்குகிறவர் தலை தொங்குவது போல மெதுவாக, கதவு திறந்தபடியே இறங்கியது. அவள் இடுப்பளவுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை உள்ளே குதித்தார், அவளை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், பிறகு தானும் தரையைப் பிடித்து ஏறினார். உடம்பு வந்துவிட்டது. ஒரு கால் வரவில்லை. லிஃப்ட்டின் மேல்விளிம்பு வந்து அந்தக் காலைத் தரையோடு சேர்த்து அழுத்தியது. மேலே எங்கோ மின்சாரம் பட்டென்று அறுந்தது. லிஃப்ட் நின்றது. அதை நிறுத்தியது அவருடைய கால்.

அவர் கத்திய கத்தலில் எல்லா அறையிலிருந்தும் ஜனம் ஓடி வந்தது. முப்பது நாற்பது பேர். ஒருவர் தண்ணீர் கொண்டு வந்தார், ஒருவர் தோளைப் பிடித்து இழுத்தார், ஒரு பெண் அழுதாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. ‘டிக்’.

நேரக் காப்பாளன் கெட்டவன் இல்லை. விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. மூன்று நிமிடம் ஆனதும் குரலும் பழக்கத்தில் வந்தது. "கூட்டம் கூடுது."

முதலில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். பிறகு இரண்டு பேர். தண்ணீர் கொண்டு வந்தவர் கிளாஸை மாப்பிள்ளையின் கை எட்டும் இடத்தில் பதமாக வைத்துவிட்டுப் போனார். அழுத பெண் அழுதுகொண்டே போனாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அரை நிமிடத்தில் நடைபாதை காலியாகிவிட்டது. சுவரில் பலகை மட்டும் இருந்தது.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு பேர்."

நானும் டீ அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கெட்டிலைத் தரையில் வைத்தாள். வண்டியிலிருந்து வெளியே உருண்டு கிடந்த ஐந்து கிலோ கல் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து மாடி ஏறி, மொட்டை மாடியில் அந்தக் கல்லால் பூட்டை உடைத்தோம். அக்கா நெம்புகோலில் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். கை தோல் உரிந்தது. "சுத்து தம்பி, நிறுத்தாதே, சுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எங்களுக்கு வாட்ச் பிடிக்க ஆள் இல்லை.

உயிர் பிழைத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக் கூட்டம் முறைப்படி பதினான்கு வேலை நாள் கழித்து நடந்தது. குறிப்பெழுதியது நான்தான், வேறு யார்? லிஃப்ட்டை மேலே ஏற்றியது யார் என்ற கேள்வி வந்தது. பட்டியலைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் இயந்திர அறையில் பட்டியலில் உள்ள எவரும் இல்லை.

"அப்படின்னா லிஃப்ட் தானாவே ஏறியிருக்கு" என்றார் பொறியாளர் மெதுவாக.

"தானா ஏறுற அளவுக்கு நல்லா இருக்கிற லிஃப்ட்டைத்தான் இவர் பழுதுன்னாரு" என்றார் மூணு நிமிஷம்.

இயக்குநருக்கு உண்மையிலேயே மனம் கலங்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அந்தத் தம்பியை நினைச்சா ராத்திரி சோறு இறங்கல. ஆனா எழுத்துன்னு ஒண்ணு இருக்கே? தினமும் நல்ல நிலையில இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆபத்துன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா? குறிப்பை எடுங்க." எடுத்தார்கள். அவரே வாசித்தார். "இதர விவகாரங்கள், ஒன்றுமில்லை. எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு பாருங்க. நான் என்னங்க செய்ய முடியும்?"

நான் எழுந்தேன். "சார், அன்னைக்கு அவர் சொன்னாரு. நான் இங்கேதான் இருந்தேன்."

எட்டுப் பேரும் நாற்காலி பேசியது போல என்னைப் பார்த்தார்கள். மூணு நிமிஷம் விதிப் புத்தகத்தைத் திறந்து ஏழாவது விதியில் விரலை வைத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க இங்க இல்லையே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளையை வேலையிலிருந்து நீக்கலாமா, கவனக்குறைவு என்று வழக்கும் போடலாமா என்று முடிவு செய்ய அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். லிஃப்ட் மறுநாளே ஓட ஆரம்பித்தது. பிரேக்கை யாரும் தொடவில்லை. நல்ல நிலையில் இருப்பதாகத்தான் எழுத்தில் இருக்கிறதே. பதிவேட்டில் இப்போது நேரக் காப்பாளன் கையெழுத்துப் போடுகிறான்.

நேற்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தங்கை விசாரணைக் கடிதத்தை என் முன்னால் வைத்தாள். ‘எச்சரித்ததற்கான பதிவு எதுவும் இல்லை’ என்ற வரியின் கீழே நகத்தால் கீறியிருந்தாள்.

"இவர் சொன்னேன்கிறாரு. சொல்லலைன்னு இதுல போட்டிருக்கு. நீ அங்கதானே இருந்தே அண்ணா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கட்டிலிலிருந்து மாப்பிள்ளையின் குரல் மட்டும் வந்தது. "விடு, அவருக்கு வேலை இருக்கும்."

வெளியே வந்து ரொம்ப நேரம் நடந்துகொண்டே இருந்தேன்.

இன்று காலை ஒன்பதரை மணிக்குக் கீழ்த்தளத்தில் லிஃப்ட் வந்து நின்றது. காத்திருந்தவர்களை எண்ணினேன், பதினொரு பேர். எடைக்கிடங்குப் பெண்ணும் இருந்தாள், கையில் வேறு தள்ளுவண்டி. கதவு திறந்தது. எல்லோரும் காலைத் தாழ்த்தி இறங்கி வைக்கத் தயாரானார்கள். நான் குனிந்து கையை விரித்து வைத்து அளந்தேன். ஒரு சாண், அதற்கு மேலே இரண்டு விரல்.

எழுந்து கதவுக்குக் குறுக்கே, அவர்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பதினொரு பேரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

அவர்களுக்குப் பின்னால் எங்கோ, ‘டிக்’ என்றது. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அது எனக்காக ஓடியது. மூன்று நிமிடம் இருந்தது, நான் சொல்ல ஆரம்பித்தேன்.